கொழும்பின் பழந்தெருக்களில் வழிகாட்டியோடு ஒரு நடை: பாதையைத் தீர்மானிப்பது எது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, புறக்கோட்டையின் மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் வேளையில், பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டாம் குறுக்குத் தெருப் பள்ளிவாசலின் முன்னால் நின்று ஒருவருடைய விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சி இப்போது வழக்கமாகிவிட்டது. சில வேளைகளில் அதே தெருவில் தலைக்கவசம் அணிந்த சைக்கிள் குழுவொன்று வரிசையாக வந்து நிற்கிறது. இவர்களை அழைத்து வருபவர் யார், அதற்கு அனுமதி வேண்டுமா, ஏன் எல்லாக் குழுக்களும் ஏறத்தாழ ஒரே கட்டடங்களின் முன்னால் நிற்கின்றன, இவர்கள் வந்து போவதால் பழைய கட்டடங்கள் காக்கப்படுமா என்ற கேள்விகள் அந்தத் தெருக்களில் கடை வைத்திருப்போருக்கும் குடியிருப்போருக்கும் இயல்பாகவே எழுகின்றன. விடை காண்பதற்கு நகரம் எவ்வாறு அமைந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1. நடைச் சுற்றுலா என்பது என்ன?

ஒரு நகரத்தின் குறிப்பிட்ட பகுதியை, அதன் வரலாற்றையும் அன்றாட வாழ்வையும் விளக்கக்கூடிய ஒருவரின் துணையோடு, முன்கூட்டியே வகுத்த பாதையில் நடந்து பார்ப்பதே நடைச் சுற்றுலா. பஸ் சுற்றுலாவில் பயணி கட்டடத்தின் முகப்பை மட்டும் காண்கிறார். நடக்கும்போது வாசற்படி, தாழ்வாரம், ஒழுங்கை, கடையின் உட்புறம் ஆகியவையும் பார்வைக்கு வருகின்றன. கட்டணம் பெறப்படும் முறை இரண்டு வகைப்படும். முன்பதிவின்போதே ஒரு தொகையை அறவிடுவது ஒன்று. முடிவில் விரும்பியதைக் கொடுக்கலாம் என்று அறிவிப்பது மற்றொன்று. இரண்டாவது வகை இலவசம் என்று விளம்பரம் செய்யப்பட்டாலும், வழிகாட்டியின் வருமானம் முழுவதும் அந்த அன்பளிப்பில் தங்கியிருப்பதால், கேட்பவரை மகிழ்விக்கும் கதைகளுக்கு அங்கே கூடுதல் இடம் கிடைத்துவிடுகிறது.

சைக்கிள் சுற்றுலாவின் கணக்கு வேறு. கோட்டையிலிருந்து கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் வரை ஏறத்தாழ 2 கிலோமீற்றர். இடையிடையே நின்று விளக்கம் கேட்டபடி நடந்தால் இதற்கே இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகிவிடும். அதே நேரத்தில் சைக்கிள் குழு கொம்பனித்தெரு, கறுவாத்தோட்டம் என்று நகரின் பல பகுதிகளைத் தொட்டுவிட முடியும். ஆனால் நெரிசலான குறுக்குத் தெருக்களில் சைக்கிளை நிறுத்தி நிற்கவே இடமில்லை. அவற்றில் பல ஒருவழிப் பாதைகள். இதனாலேயே சைக்கிள் குழுக்கள் வாகனம் குறைந்த ஞாயிறு அதிகாலையைத் தேர்ந்துகொள்கின்றன. அதற்கு அவை கொடுக்கும் விலை பெரிது: நாட்டாமிகள் மூட்டையேற்றிய கைவண்டிகளை இழுத்துச் செல்லும் புறக்கோட்டையை அவை காண்பதே இல்லை. பூட்டிய கதவுகளைக் கொண்ட புறக்கோட்டையைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

2. 2009க்குப் பின்னரே இது பரவியதன் காரணம்

கொழும்பு பழைய நகரமென்றாலும் அதில் நடந்து பார்க்கும் பழக்கம் புதியது. போர்க்காலத்தில் கோட்டைப் பகுதியின் பெரும்பங்கு உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கி மீது நடத்தப்பட்ட குண்டுத்தாக்குதலின் பின்னர் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. சனாதிபதி மாளிகையைச் சுற்றிய வீதிகளில் பொதுமக்கள் நடமாட்டமே தடைப்பட்டது. தமிழர் ஒருவர் அந்தப் பகுதியில் ஒரு கட்டடத்தை நின்று அண்ணாந்து பார்ப்பதுகூட அடையாள அட்டையை எடுத்து நீட்ட வேண்டிய காரியமாக இருந்த காலம் அது. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு வீதிகள் படிப்படியாகத் திறந்தன. 2011இல் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை புதுப்பிக்கப்பட்டு உணவகங்களும் கடைகளும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டதோடு, நடைக் குழுக்கள் கூடிப் புறப்படுவதற்கு ஓர் இயல்பான இடமும் கிடைத்தது.

2022இன் எரிபொருள் நெருக்கடியைச் சைக்கிளின் திருப்புமுனை எனலாம். பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்ட அந்த மாதங்களில், ஏழைகளின் வாகனமாகவும் சிறுவர்களின் விளையாட்டுப் பொருளாகவும் மட்டுமே கருதப்பட்ட துவிச்சக்கரவண்டி அலுவலகம் செல்வோரின் கைக்கும் வந்தது.

3. நகரின் மூன்று அடுக்குகள்

பாதைகள் ஏன் ஒன்றைப்போல ஒன்று அமைகின்றன என்பதற்கு விடை நகரின் அமைப்பிலேயே இருக்கிறது. 1344இல் இப்னு பதூதா வந்தபோதே கொழும்பு அறியப்பட்ட துறைமுகமாக இருந்தது. எனினும் இன்று கண்ணுக்குத் தெரியும் நகரம் 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் வகுத்த கோடுகளின் மேலேயே எழுந்துள்ளது.

(அ) கோட்டை. மதில்களுக்குள் ஆட்சியும் படையும் களஞ்சியங்களும் இருந்த பகுதி. 1796இல் ஆங்கிலேயரிடம் சென்றது. மதில்கள் 1869க்கும் 1871க்கும் இடையில் இடிக்கப்பட்டன. சுயஸ் கால்வாய் திறக்கப்பட்ட ஆண்டும் 1869தான். நீராவிக் கப்பல்களின் வழியில் கொழும்பு முக்கிய தரிப்பிடமாகும் என்பது தெளிவானபோது, பாதுகாப்பு மதிலைவிட வர்த்தகத்துக்கான நிலம் பெறுமதி மிக்கதாயிற்று. 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று வழிகாட்டிகள் காட்டும் கோட்டைக் கட்டடங்களில் பெரும்பாலானவை இந்தத் துறைமுகச் செழிப்பின் பிள்ளைகள். யோர்க் வீதியில் 1906ஆம் ஆண்டு எழுந்த கார்கில்ஸின் செங்கல் மாளிகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மணிக்கூட்டுக் கோபுரம் மட்டும் சற்று மூத்தது. ஆளுநர் வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்டின் வடிவமைப்பில் 1857இல் அது முடிக்கப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து உச்சியில் விளக்கு ஏற்றப்பட்டுக் கலங்கரை விளக்கமாகவும் பணியாற்றிய அது, சுற்றியெழுந்த கட்டடங்கள் கடலிலிருந்து அதை மறைத்துவிட்டதால் 1952இல் அந்தக் கடமையிலிருந்து ஓய்வுபெற்றது.

(ஆ) புறக்கோட்டை. ஒல்லாந்தர் இதைப் பழைய நகரம் என்றே அழைத்தார்கள். நேர்கோட்டுத் தெருக்களும் அவற்றை வெட்டும் குறுக்குத் தெருக்களுமாக இன்றும் காணப்படும் கட்டமைப்பு அவர்கள் காலத்தது. அப்போது இது சந்தையை விடக் குடியிருப்பாகவே முதன்மை பெற்றிருந்தது. இளவரசர் வீதியில் 1690களில் ஆளுநர் தோமஸ் வான் ரீ வாழ்ந்த, தூண் தாங்கிய தாழ்வாரமுடைய வீடு இன்றும் நிற்கிறது. அநாதை இல்லம், பொலிஸ் பயிற்சிக் கூடம், தபாலகம் என்று பல வேடம் பூண்டு, 1982இல் அது ஒல்லாந்தர் அருங்காட்சியகமானது. ஆங்கிலேயர் காலத்தில் வசதி படைத்த குடும்பங்கள் தெற்கே நகர, வீடுகள் கடைகளாக மாறின. கெய்மன்ஸ் கேட் மணிக்கூண்டு பழைய நகரத்தின் வாசல் இருந்த இடத்தை இன்றும் காட்டி நிற்கிறது. அங்கே தொங்கிய மணி கோட்டே இராச்சியத் தலைநகரில் இருந்த போர்த்துக்கேயத் தேவாலயமொன்றிலிருந்து வந்தது என்பது வழிவழிச் செய்தி. அதற்கு அருகில் 1873இன் பழைய நகர மண்டபமும், நுழைவுப் பகுதியில் பார்சிக் குடும்பமொன்று தந்தையின் நினைவாக 1923இல் நிறுவிய கான் மணிக்கூட்டுக் கோபுரமும் உள்ளன.

(இ) மேட்டு நிலமும் வாவிக்கரையும். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, புதுக்கடை, கொம்பனித்தெரு ஆகியவை. துறைமுகத்திலும் சந்தையிலும் நீதிமன்றங்களிலும் உழைத்தவர்களும் வணிகம் செய்தவர்களும் வாழ்ந்த இப்பகுதிகளில், ஒரு சமயத்தின் வழிபாட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்ல ஐந்து நிமிட நடை போதும். கொம்பனித்தெருவின் வேகந்தைப் பள்ளிவாசல் 1786இல் மலாயர்களால் நிறுவப்பட்டது. இலங்கையர் எல்லோரும் தமது பலகாரமாகவே கருதும் வட்டிலப்பம் மலாயர்களின் கொடை என்பதை அங்கே நின்று சொல்லும்போது கேட்பவர் எளிதில் மறப்பதில்லை.

4. பெயர்களில் உறைந்திருக்கும் வரலாறு

கொழும்பில் ஒரே தெருவுக்கு மூன்று மொழிகளில் மூன்று பெயர்கள் உண்டு. அவை பெரும்பாலும் ஒன்றன் மொழிபெயர்ப்பாக மற்றொன்று அமைவதில்லை. ஆங்கிலப் பெயரை மட்டும் பின்பற்றும் வழிகாட்டி வரலாற்றின் மூன்றில் ஒரு பகுதியையே கையில் வைத்திருக்கிறார்.

புறக்கோட்டையின் ஆங்கிலப் பெயரான பெட்டா என்பது நமது பேட்டை என்ற சொல்லே. கோட்டைக்கு வெளியே அமைந்த குடியிருப்பைக் குறிக்கத் தென்னிந்தியாவில் ஆங்கிலேயர் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொல்லை அவர்கள் இங்கே கொண்டுவந்து சூட்ட, தமிழர் தமக்குள் புறக்கோட்டை என்றே சொல்லிவருகிறார்கள். புதுக்கடை ஆங்கிலத்தில் ஹல்ஸ்டொப். 1656 முற்றுகையில் உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்டின் பெயர் அதில் இருக்கிறது. தமிழ்ப் பெயருக்குத் தளபதியை நினைவில்லை, கடைகளை நினைவிருக்கிறது. கொம்பனித்தெருவில் இந்த வேறுபாடு கனமானது. நெடுங்காலம் வழங்கிய ஸ்லேவ் ஐலண்ட் (அடிமைத் தீவு) என்ற ஆங்கிலப் பெயர் அங்கே அடைத்து வைக்கப்பட்டிருந்த ஆபிரிக்க அடிமைகளை நினைவூட்டுகிறது. தமிழ்ப் பெயரோ கம்பனியை முன்னிறுத்துகிறது. அடிமைகளின் துன்பத்தைச் சொல்லாமல் அந்த வாவிக்கரையைக் கடந்துசெல்லும் எந்தச் சுற்றுலாவும் முழுமையானதல்ல.

எல்லாவற்றிலும் விந்தையானது வுல்ஃபெண்டால். ஒல்லாந்த மொழியில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பொருள். இலங்கையில் ஓநாயே கிடையாது. போர்த்துக்கேயர் காலத்தில் அந்த மேட்டில் குவாதலூப்பே மாதாவுக்கு ஒரு தேவாலயம் இருந்தது என்றும், அந்தப் பெயர் நாளடைவில் ஓநாயைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லாகத் திரிந்து ஒல்லாந்தர் காதில் விழ, அவர்கள் அதை விசுவாசமாக மொழிபெயர்த்துவிட்டார்கள் என்றும் விளக்கம் தரப்படுகிறது. மெசெஞ்சர் வீதிக்கும் இதே போன்ற கதை உண்டு. சிங்களத்தில் இலந்தை மரத் தெரு என்று பொருள்படும் மசங்கஸ் வீதிய என்பதே ஆங்கிலத்தில் தூதுவன் தெருவாகிவிட்டது என்பார்கள். இத்தகைய விளக்கங்களில் சில ஆவணத்தால் உறுதிப்பட்டவை, சில செவிவழி வந்தவை. நல்ல வழிகாட்டி இரண்டையும் பிரித்துச் சொல்வார்; தொழிலறிந்தவரை அறியாதவரிடமிருந்து பிரித்துக் காணும் முதல் அடையாளம் இதுவே.

இரண்டாம் குறுக்குத் தெருப் பள்ளிவாசலையும் இங்கே சேர்க்க வேண்டும். சிவப்புப் பள்ளி என்று வெளிநாட்டவர் அறிந்த ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலைக் கொழும்பின் தமிழ் பேசுவோர் சம்மாங்கோட்டுப் பள்ளி என்றே அழைத்து வந்தனர். சம்மான்காரர் எனப்பட்ட தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களின் தொடர்பு அந்தப் பெயரில் நிற்கிறது. 1908இல் தொடங்கி 1909இல் முடிந்த அதன் கட்டடத்தை வடிவமைத்த ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை முறையான கட்டடக்கலைப் பயிற்சி பெற்றவரல்லர். தென்னிந்திய வணிகர்கள் கொண்டுவந்து கொடுத்த, இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகள் கலந்த இந்தோ சரசனிக் கட்டடங்களின் படங்களையும் விவரங்களையும் பார்த்தே மாதுளம்பழ வடிவக் குவிமாடங்களையும் பட்டை பட்டையான சுவர்களையும் அவர் உருவாக்கினார். உலகெங்கும் கொழும்பின் அடையாளமாகப் படமெடுக்கப்படும் கட்டடம் தமிழ் பேசும் ஒரு கைவல்லுநரின் ஆக்கம் என்பதைத் தமிழ் வாசகரிலேயே பலர் அறியாதிருப்பது வருத்தத்துக்குரியது.

5. 1815 என்ற கோடு

நடைக் குழுக்கள் பார்க்கும் கட்டடங்களைச் சட்டம் காக்கிறதா? தொல்பொருட்களுக்கான அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். அதன் வரையறையில் பண்டைய நினைவுச்சின்னம் என்பது 1815 மார்ச் 2க்கு முற்பட்டது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட நாள் அது. கண்டி இராச்சியத்தின் முடிவை எல்லையாகக் கொண்ட அந்தத் திகதி, 1796இலேயே ஆங்கிலேயர் வசமாகிவிட்ட கொழும்பின் மீது வைக்கப்படும்போது பின்வரும் விளைவுகள் உண்டாகின்றன.

முதலாவது, 1757இல் முடிக்கப்பட்ட வுல்ஃபெண்டால் தேவாலயமும், ஒல்லாந்தர் வைத்தியசாலையும், இளவரசர் வீதி வீடும் வரையறைக்குள் வருகின்றன. இரண்டாவது, சம்மாங்கோட்டுப் பள்ளி, பழைய நகர மண்டபம், கான் கோபுரம், கார்கில்ஸ் மாளிகை, குறுக்குத் தெருக்களின் நூற்றாண்டு பழைமையான கடைவீடுகள் ஆகியவை அனைத்தும் கோட்டுக்கு இப்பால் விழுகின்றன. பிற்காலக் கட்டடமொன்றைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அமைச்சர் வர்த்தமானியில் பிரகடனம் செய்ய முடியும். ஆனால் அதை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும், அதற்கு யாராவது முன்மொழிய வேண்டும். மூன்றாவது விளைவே நமது விடயத்துக்கு நெருங்கியது. பெயரும் கதையும் அறியப்பட்ட கட்டடத்துக்கு முன்மொழிபவர் கிடைப்பார். கதை சொல்லப்படாத கடைவீடு ஓர் இரவில் இடிக்கப்பட்டாலும் மறுநாள் கேட்பார் இல்லை. ஆகவே நடைப் பாதையில் ஒரு கட்டடம் இடம்பெறுவதும் பெறாததும் அதன் ஆயுளோடு சம்பந்தப்பட்ட விடயமாகிவிடுகிறது.

சட்டம் இன்னொரு பக்கத்திலிருந்தும் அழுத்துகிறது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போரைத் திடீர் வெளியேற்றத்திலிருந்தும் வாடகை உயர்விலிருந்தும் காத்தது. உழைக்கும் குடும்பங்கள் நகர மையத்தில் தொடர்ந்து வாழ அது வழிசெய்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் சொற்ப வாடகை பெறும் உரிமையாளர் கூரை ஒழுகினாலும் திருத்த முன்வருவதில்லை; தமதல்லாத வீட்டில் குடியிருப்பவர் பெரும் பணத்தைப் போட முடிவதில்லை. புறக்கோட்டை மேல்மாடிகளில் அரசமரம் வேர்விட்டுச் சுவரைப் பிளப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த இழுபறியே இருக்கிறது. வழிகாட்டி அதை மக்களின் அக்கறையின்மை என்று சொல்லிக் கடந்தால், அங்கே வாழ்பவர்களுக்கு அநீதி இழைக்கிறார். கொம்பனித்தெருவில் இழுபறிக்கே இடமில்லாமற் போனது: பல ஒழுங்கைகளின் இடத்தில் உயர்மாடிகள் எழுந்துவிட்டன.

6. சொல்லப்படாமல் போவது

ஒல்லாந்தர் கதையும் ஆங்கிலேயர் கதையும் பாதுகாப்பானவை. கேட்பவரில் எவரும் புண்படுவதில்லை. 1983 ஜூலையில் இதே புறக்கோட்டைத் தெருக்களில் தமிழரின் கடைகள் எரிக்கப்பட்டன என்பதைச் சொல்ல வழிகாட்டிக்குத் துணிவு வேண்டும். அந்த நெருப்பின் பின்னர் சில கடைகளின் உரிமையாளர்கள் மாறினர், சிலர் நாட்டையே விட்டுச் சென்றனர். தெருவின் இன்றைய முகத்துக்கு அது நேரடிக் காரணம். கொட்டாஞ்சேனையில் 1883இல் பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே மூண்ட கலவரமும் அவ்வாறே. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பைப் பற்றிச் சொல்லாமல் அந்த வாசலில் நிற்க முடியாது. ஆனால் அங்கே உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் அதே சுற்றாடலில் வாழ்கிறார்கள் என்பதால், குரலைத் தாழ்த்திச் சொல்லவும் புகைப்படக் கருவியைத் தாழ்த்தி வைக்கவும் குழுவினர் கற்க வேண்டும். நாட்டாமிகளுக்கும் இது பொருந்தும். சுமை தூக்கி வியர்த்து நிற்கும் மனிதரை அனுமதி கேட்காமல் படமெடுப்பது மரியாதையல்ல.

7. அனுமதியும் ஆயத்தமும்

2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையே வழிகாட்டிகளுக்கான அனுமதிப்பத்திரத்தை வழங்குகிறது. நாடு முழுவதற்குமான தேசிய வழிகாட்டி, வாகனம் செலுத்திக்கொண்டே வழிகாட்டும் சாரதி வழிகாட்டி, ஒரு பிரதேசத்துக்கு உரியவர், ஒரு தலத்துக்கு மட்டும் உரியவர் என நான்கு வகையினர் உள்ளனர். பணம் பெற்றுச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்பவரிடம் அட்டையைக் காட்டும்படி கேட்பதில் தயங்க வேண்டியதில்லை. அட்டை இருப்பது அறிவுக்கு உத்தரவாதமாகாது. என்றாலும் ஏதேனும் பிழை நடந்தால் முறையிட ஓர் இடம் இருப்பதை அது உறுதிசெய்கிறது.

மற்றவை எளியவை. வெயிலுக்கு அஞ்சி ஏழு மணிக்கு முன்னரே தொடங்குவது நல்லது. தென்மேற்குப் பருவ மழை மே முதல் செப்டெம்பர் வரை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகை நடப்பதால் பள்ளிவாசல்களை அந்நேரத்தில் தவிர்க்க வேண்டும். கோட்டையில் பாதுகாப்புக்குட்பட்ட கட்டடங்களையும் துறைமுக வாயில்களையும் படமெடுக்கக் கூடாது.

8. தமிழில் ஒரு பாதை

கொழும்பின் நடைச் சுற்றுலாக்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில், வெளிநாட்டுப் பயணிகளை எண்ணி வகுக்கப்பட்டவை. அவை கோட்டையில் தொடங்கிப் புறக்கோட்டையில் முடிவதற்கு இதுவே காரணம். தமிழ்ப் பாடசாலை மாணவரையோ யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் குடும்பங்களையோ எண்ணி வகுத்தால், பாதையை மறுமுனையிலிருந்து தொடங்கலாம்.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தில் காலைப் பூசை முடியும் நேரம் பொருத்தமானது. பொன்னம்பல முதலியார் 1856இல் நிறுவிய அந்த ஆலயத்தை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில் முழுவதும் கருங்கல்லால் எழுப்பினார். துறைமுக நகரமொன்றில் கல்லிலே ஒரு கோயிலைக் கட்டுவதற்கு எத்தகைய உறுதி வேண்டும் என்பதை மண்டபத் தூண்களைத் தொட்டுப் பார்த்தால் உணரலாம். அங்கிருந்து சில நிமிடத்தில் அந்தோனியார் தேவாலயம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவோரில் இந்துக்களும் உண்டு. பிறகு செட்டியார் தெரு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இங்கிருந்தே அரிசி இறக்குமதிக்கும் உள்ளூர் வணிகருக்கும் கடன் கொடுத்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தோடு அவர்களது பிடி தளர்ந்தது. இன்று தங்க நகைக் கடைகள் நிறைந்திருந்தாலும் தெருவின் பெயர் அவர்களுடையதே. பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் அருகருகே நிற்கின்றன; ஆடிவேல் இரதம் புறப்பட்டுக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குச் செல்லும் மரபும் இந்தத் தெருவுக்குரியது.

தெருவிலிருந்து மேடேறினால் வுல்ஃபெண்டால் தேவாலயம். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்தின் ஒல்லாந்த ஆளுநர்களுடைய கல்லறைக் கற்கள் 1813இல் இங்கே கொண்டுவரப்பட்டன. இறங்கிப் பழைய சோனகத் தெரு வழியாக வந்து, காபோஸ் லேனில் ஆயுர்வேத மருந்துச் சரக்குகளின் மணத்தைக் கடந்தால், இரண்டாம் குறுக்குத் தெருவும் சம்மாங்கோட்டுப் பள்ளியும் வந்துவிடுகின்றன. வேலை நாளொன்றில் அங்கு சேரும்போது ஒன்பது மணியாகியிருக்கும். கடைக் கதவுகள் உயர்ந்து, முதல் கைவண்டிகள் தெருவுக்குள் இறங்கத் தொடங்கியிருக்கும்.